தினமும் 15 நிமிடம் பிள்ளைகளை ஓட விட வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அரசு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், 34 பிள்ளைகள். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது, வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் உண்டு, ஆனால் தேர்வு நெருங்கினால் அதையும் கணக்குக்கு எடுத்துவிடுகிறோம், நானே எடுத்திருக்கிறேன், இப்போது உறுத்துகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேருக்குக் கண் சொருகுகிறது.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங்கில் 2012இல் ஒரு தொடக்கப் பள்ளியில் 'டெய்லி மைல்' ஆரம்பித்தார்கள்: தினமும் 15 நிமிடம், சீருடையிலேயே, ஓடலாம், நடக்கலாம், போட்டி கிடையாது. போட்டி இல்லாததுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இங்கே விளையாட்டு என்றாலே நன்றாக ஓடுகிற நாலு பேர் ஆட மற்றவர்கள் ஓரமாக நிற்பார்கள்.

சரி, என் சிக்கல் இதுதான். மைதானம் சின்னது, நிழலுக்கு ஒரே ஒரு வேப்பமரம், பத்தரைக்கு மேல் வெயில் தாங்காது. காலையிலேயே வைக்கலாம் என்றால் பிள்ளைகள் அப்போதுதான் காலை உணவு சாப்பிட்டிருப்பார்கள், உடனே ஓடினால் வயிறு வலிக்குமே. கடைசி பீரியடில் வைத்தவர்கள் இருக்கிறீர்களா? மழை நாளில் வகுப்புக்குள் என்ன செய்ய வைப்பது? நொண்டி, கோகோ போன்றவற்றை எல்லோரும் ஒரே நேரத்தில் அசைகிற மாதிரி மாற்றி ஆடவைத்திருந்தால் எப்படி என்று விவரமாக எழுதுங்கள். திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் பேசப் போகிறேன், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.