மைவி கார் பின்சீட்டில் பால்குடம் சாய்ந்தது: துணியைக் கழுவுவதா, கவர் போடுவதா?

சிப்புட்காரன்:
மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் போகும் வழியில் பின்சீட்டில் பால்குடம் சாய்ந்துவிட்டது. உடனே துடைத்தோம், ஆனாலும் வெயிலில் நிறுத்திய காடியை (காரை) திறந்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கிறது. முன்சீட்டில் வேறு, அப்பா செம்பனைத் தோட்டத்திலிருந்து அப்படியே வந்து உட்காருவதால் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்க் கறை. கார் கழுவும் கடையில் முழு சீட்டுக்கும் ஷாம்பு போடச் சொல்கிறார்கள், வீட்டில் பிவிசி கவர் வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

லோரி அண்ணன்:
கவர் போடு தம்பி. தோட்டப்பக்கம் ஓடும் காடிக்குத் துணி சீட் ஒத்தே வராது. செம்மண், உரத்தூசி, பழ எண்ணெய், மழையில் நனைந்த சட்டை எல்லாம் அதில்தான் இறங்கும். பிவிசி என்றால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, முடிந்தது.

துணிக்கட்சி அக்கா:
அண்ணே, பால் ஊறிய சீட்டின் மேல் கவர் போடச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. பால் இந்நேரம் துணியைத் தாண்டி அடியில் இருக்கும் ஸ்பாஞ்சுக்குள் போயிருக்கும். மேலே கவர் போட்டால் காற்றுப் போகாது, நம் ஊர் ஈரத்துக்கு உள்ளேயே பூஞ்சை பிடிக்கும், வாடை தையல் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும்.

தம்பி, பச்சைத் தண்ணீரில் ஆரம்பியுங்கள். சுடுதண்ணீரும் ஸ்டீமும் வேண்டாம், பாலில் உள்ள புரதம் சூட்டில் இறுகித் துணியோடு பிடித்துக்கொள்ளும். என்ஸைம் கிளீனர் வாங்குங்கள் (பூனை மூத்திர வாடைக்கு விற்பதும் அந்த வகைதான்), பால் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்கட்டும், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டுவிட்டு, தண்ணீர் உறிஞ்சும் வேக்கும் கிளீனர் வைத்து இழுங்கள். அதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள், ஏனென்றால் மேலே தேய்த்துவிட்டு அப்படியே காயவிட்டால் உள்ளே இருக்கும் அழுக்கு ஈரத்தோடு மேலே ஏறி வளையமாக நிற்கும்.

எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் சோப்பின் நுரை போதும், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஆரஞ்சு நிறம் செம்பனை எண்ணெயில் உள்ள கரோட்டின். எண்ணெய் போன பிறகும் கொஞ்சம் தெரியும், வெளிச்சம் படப்பட மங்கும்.

லோரி அண்ணன்:
நல்லாத்தான் எழுதுகிறீர்கள், யாருக்கு நேரம் இருக்கிறது? விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர் சீட்டோடு மல்லுக்கட்டுவாரா? கடையில் விட்டால் அரை நாளில் கழுவித் தந்துவிடுவார்கள்.

துணிக்கட்சி அக்கா:
தருகிறார்கள், ஈரத்தோடு தருகிறார்கள்! எங்கள் காடியை ஒரு கடையில் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே சீட் இடுக்கில் பச்சைப் பூஞ்சை. அதைவிடப் பெரிய விஷயம், முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது. அங்கே தண்ணீர் இறங்கினால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கலாம்.

பால்மரம்:
இவ்வளவு எதற்கு? வினிகரும் சோடா மாவும் கலந்து ஊற்றுங்கள். பொங்கி வரும்போது அழுக்கும் வந்துவிடும். எங்கள் அம்மா எல்லாக் கறைக்கும் அதுதான்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
பொங்குவது கரியமிலவாயு. இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிட்டால் மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர்தான், அது கறையை ஒன்றும் செய்யாது. சோடா மாவைத் தனியாக, உலர்ந்த சீட்டில் தூவி இரவு முழுக்க விட்டு வேக்கும் செய்தால் புளித்த வாடை கொஞ்சம் அடங்கும். தோட்டப்பக்கம் ரப்பர் பால் கறை பட்டால் அதற்கு வினிகரே ஆகாது. ரப்பர் தோட்ட ஸ்டோரில் அந்தப் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுகிறார்களே, அதே வேலையைத்தான் வினிகர் சீட்டில் செய்யும். ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் ஒற்றி எடுங்கள், காய்ந்துவிட்டால் ஐஸ் வைத்து விறைக்கவிட்டு உரியுங்கள். அப்புறம் கோவிலுக்குப் போகிற காடி என்பதால் சொல்கிறேன், மஞ்சள்தூள் கறையில் சோப்போ சோடா மாவோ பட்டால் சிவக்கும், பயப்பட வேண்டாம், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் மேல் சோப்பு மாதிரி காரப்பொருள் பட்டால் அப்படித்தான். வெயிலில் வெளுத்துவிடும்.

சிப்புட்காரன்:
சரி, காய்ந்த பிறகு தண்ணீர் ஒட்டாத ஸ்ப்ரே அடிக்கலாமா?

துணிக்கட்சி அக்கா:
தாராளமாக. மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டு, கதவெல்லாம் திறந்துவைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். உட்கார்ந்து எழும் உராய்விலேயே தேய்ந்துவிடும், தண்ணீர் முத்தாக நிற்காமல் ஊற ஆரம்பித்தால் மறுபடி அடிக்க வேண்டும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்காட்ச்கார்ட் என்ற கறைதடுப்பு ஸ்ப்ரேயில் இருந்த பழைய ஃபுளோரின் சேர்மம் உடம்பிலும் மண்ணிலும் சிதையாமல் தங்குகிறது என்று தெரிந்ததால்தான் 3எம் நிறுவனம் 2000-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்கு ஃபுளோரின் இல்லாததைப் பார்த்து வாங்குங்கள். அது தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது.

லோரி அண்ணன்:
அதைத்தானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! அப்பா சீட்டுக்குக் கவர்தான் வழி.

துணிக்கட்சி அக்கா:
மைவி எந்த வருஷம்? 2017 கடைசியில் வந்த மாடல் என்றால் முன்சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. கண்ட கவரைப் போட்டு மூடினால் அது விரிய வேண்டிய நேரத்தில் தடைபடும்.

சிப்புட்காரன்:
2019.

லோரி அண்ணன்:
அதற்கென்று பக்கத்தில் பிரியும் தையல் வைத்த கவர் விற்கிறது, விலை கூட இருந்தாலும் அதை வாங்கு. மலிவு கவர் வேண்டாம், அதில் இவர் சொல்வது சரி.

துணிக்கட்சி அக்கா:
அந்தக் காசுக்கு இரண்டு தடித்த டவல் வாங்கி மாற்றி மாற்றி விரித்துத் துவைக்கலாம்.

லோரி அண்ணன்:
டவல் அப்பா இறங்கும்போது கூடவே இறங்கும், அக்கா. தம்பி, பால் சீட்டை மட்டும் இவர் சொன்னபடி கழுவு, காலையிலேயே ஆரம்பி. மத்தியானம் மழை பிடித்தால் கண்ணாடியை ஏற்றி, கூரை உள்ள திறந்த இடத்தில் ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் ஓடவிடு, ஈரத்தை அது இழுத்துவிடும். ராத்திரி வீட்டு ஃபேனைக் கதவோரம் வை. கை வைத்து அமுக்கிப் பார்த்துச் சில்லென்று இல்லாத வரைக்கும் அதன்மேல் எதையும் போடாதே.