மூலதனத்தை ஒலிநூலாகக் கேட்பதும் அடிக்குறிப்புகளும்

பொருநை:
வண்டி ஓட்டியபடியே கார்ல் மார்க்ஸின் மூலதனம் முதல் பாகத்தை ஒலிநூலாகக் கேட்டு முடித்துவிட்டதாகவும், இனி அந்தக் கனத்த நூலைப் புரட்டுவது வீண் உழைப்பு என்றும் தோழர் நெய்தல் அறிவித்திருக்கிறார். நான் கேட்பது ஒன்றே: அடிக்குறிப்புகளை யார் வாசித்துக் காட்டினார்கள்? உள்ளுறவுகளை ஆராயும் செவ்வியல் பொருளாதாரத்தையும் மேலோட்டத் தோற்றத்தோடு நின்றுவிடும் கொச்சைப் பொருளாதாரத்தையும் மார்க்ஸ் பிரித்துக் காட்டுவது முதல் அத்தியாயத்தின் ஓர் அடிக்குறிப்பில்தான். அதைத் தவறவிட்டவர் நூலை முடித்ததாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

நெய்தல்:
முக்கியமான குறிப்புகள் நான் கேட்ட ஒலிப்பதிவில் இருந்தன. 1865 ஜூனில் லண்டனில், முதலாம் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்குழு முன் கூலி, விலை, லாபம் குறித்து மார்க்ஸ் ஆற்றிய உரை, அவர் மறைந்து 15 ஆண்டுகள் கழித்து 1898இல்தான் நூலானது. முதலில் அதை அறிந்தவர்கள் கேட்டவர்களே. கேரளத்தின் கண்ணூர் பீடித் தொழிலாளர்கள், ஒருவரை வாசிக்க உட்காரவைத்து, அவர் பங்குப் பீடியைத் தாங்கள் சுற்றிக்கொடுத்து, கேட்டே அரசியல் கற்றார்கள். அவர்களிடமும் போய் அடிக்குறிப்பு எங்கே என்பீர்களா?

பொருநை:
எவை முக்கியமானவை என்று முடிவுசெய்தவர் யார்? உரை, கேட்பவருக்காக எழுதப்பட்டது. மூலதனம் அப்படி எழுதப்படவில்லை. 20 கெஜம் லினன் ஒரு கோட்டுக்குச் சமம் என்று தொடங்கிப் பண வடிவம் வரை நகரும் பகுதியில், முந்தைய சமன்பாட்டுக்குத் திரும்பிப் போகாமல் அடுத்தது விளங்காது. பீடிக் கூடத்தில் நிறுத்தச் சொன்னால் வாசிப்பவர் நிறுத்துவார், கூடி விவாதிப்பார்கள். தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் குரலோடு நீங்கள் எப்படி விவாதித்தீர்கள்?

மருதம்:
அமெரிக்க வருமானத்தில் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினரின் பங்கு 1910, 20களில் 45 முதல் 50 விழுக்காடாக இருந்து, 1940களின் இறுதிக்குள் 30–35க்கு இறங்கி, 2000களில் பழைய உயரத்துக்கே ஏறியதைப் பிரெஞ்சுப் பொருளியலாளர் பிக்கெட்டி ஒரு வரைபடத்தில் காட்டுகிறார். நான் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன்; வரைபடத்தையே காதுக்குக் கொண்டுபோக முடியும்போது சமன்பாட்டை முடியாதா? பார்வையற்ற வாசகர்களை இங்கே ஒருவரும் நினைக்கவில்லை.

பொருநை:
அவர்களுக்குத்தான் குறிப்புகளோடு முழுமையான பதிவு வேண்டும். வெட்டிக் கொடுப்பது அவர்களை இழிவுபடுத்துவது. சென்ற ஆண்டு பொருளியலாளர் கீன்ஸ் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியில் நுழைந்து பேச்சைத் திருப்பினீர்கள்.

மருதம்:
அன்று பதில் சொல்லாமல் போனவர் நீங்கள்.

பொருநை:
பதில் சொன்னேன். நீங்கள் படிக்கவில்லை.

நெய்தல்:
கீன்ஸை விடுங்கள். மூலதனத்தின் தமிழாக்கமான தியாகுவின் மொழிபெயர்ப்பை அலமாரியில் அடுக்கிப் படம் போடும் தோழர், ‘வேலைநாள்’ அத்தியாயத்தைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

பொருநை:
அந்த அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலை ஆய்வாளர்களின் எந்த ஆண்டு அறிக்கையிலிருந்து எந்தச் சான்று வந்தது என்பதை மார்க்ஸ் அடிக்குறிப்புகளில்தான் அடுக்கியிருக்கிறார். பிற்காலப் பதிப்புகளில் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் சேர்த்த குறிப்புகள் வேறு. அவையெல்லாம் உங்கள் பதிவில் இருந்தனவா?

நெய்தல்:
இருந்தவை போதும் என்கிறேன்.

பொருநை:
போதும் என்பது பதிலாகாது. இருந்தனவா, இல்லையா?