அலுமினியம் ஒரு காலத்தில் வெள்ளிக்கு நிகராக விற்றது ஏன்?

கேள்வி:
பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள உலோகம் அலுமினியம்தான் என்கிறார்கள். அப்படியிருக்க, 1884இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் பொருத்தும் அளவுக்கு அது மதிப்புப் பெற்றிருந்தது எப்படி?

பதில் 1:
மண்ணில் மிகுதியாக இருப்பது வேறு, அதைப் பிரித்தெடுக்க முடிவது வேறு. அலுமினியம் ஆக்சிஜனை மிக இறுகப் பற்றியிருப்பதால், இரும்பைப் போலக் கரியுடன் சேர்த்து உலையிலிட்டுப் பெற இயலாது. 1854இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெவில், சோடியத்தைப் பயன்படுத்தி அதைப் பிரித்தார். அந்தச் சோடியமே விலையுயர்ந்த பொருளாக இருந்ததால், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் பண உதவி கிடைத்தும் உற்பத்திச் செலவு போதிய அளவு குறையவில்லை.

பதில் 2:
அந்தத் தூணின் உச்சித்துண்டு சுமார் 2.85 கிலோ எடையுள்ள சிறு பிரமிடு. அதை மேலே ஏற்றுவதற்கு முன் நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடையில் தரையில் வைத்திருந்தார்கள். நினைவுத்தூணின் உச்சியையே தாண்டியதாகப் பெருமை பேசுவதற்காக மக்கள் அதைத் தாண்டிக் குதித்தார்களாம்.

பதில் 3:
விலையைச் சரித்தது மின்சாரம். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலேயே, உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவை (அலுமினிய ஆக்சைடை) கரைத்து, மின்சாரத்தைச் செலுத்தி அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டறிந்தனர். இருவரும் 1863இல் பிறந்தவர்கள் என்பது வியப்பான ஒற்றுமை. அடுத்த சில ஆண்டுகளில் விலை மளமளவென்று விழுந்தது. 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியத்தில் சமையல் பாத்திரங்கள் செய்யத் தொடங்கிவிட்டார்.