புதுப்பிப்பு: மாமா நெலத்துல ஏறுன உப்புத் தண்ணி

போன வருஷம் போட்டேன்ல, ஆயிர் பாசாங்ங்குற கடல் ஏத்தம் வந்தா பண்டுங்குற மண் கரையைத் தாண்டி உப்புத் தண்ணி ஏறி மாமாவோட செம்பனை மட்டையெல்லாம் காயுதுன்னு. ஜேபிஎஸ்ல, அதான் வடிகால் இலாகாவுல, கேட்டுட்டு பண்டை உள்ள தள்ளிக் கட்டி, கீழ் ஓரத்த கடலுக்கே விட்டாச்சு. இங்கிலாந்து மெட்மெரில 2013ல இப்படித்தான் செஞ்சாங்க, 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுக் கரை போட்டு பழசை வெட்டி விட்டாங்க, வயக்காடு உப்புச் சதுப்பாகி அலை வேகத்த வாங்கிக்குது. அங்க புல்லு பூண்டு, நம்ம மலேசியா கேரித்தீவு சேத்துக்குக் கண்டல் மரம். நட்ட பாக்காவ் கண்டல்ல பாதிய அலை கொண்டு போயிருச்சு, மனசே விட்டுப்போச்சு, ஆனா தானா மிதந்து வந்த அப்பி அப்பிங்குற இன்னொரு கண்டலோட விதை தோல் வெடிச்சு வேர் விட்டு ரெண்டு ரெண்டு இலையோட நிக்குது அண்ணே, மாமா குனிஞ்சு தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு.