மான் ஸ்கோப்பில் வந்ததும் கை நடுங்கினால் என்ன செய்வது?

டல்லாஸ்_புதியவன்:
வணக்கம். டெக்சாஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை வெள்ளைவால் மான் சீசன் திறக்கிறது. ஹன்டர் எஜுகேஷன் முடிந்தது, லைசென்ஸும் எடுத்தாயிற்று. ரைஃபிள் .308 போல்ட் ஆக்‌ஷன், குறிபார்க்கும் ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும். சுடும் பயிற்சி ரேஞ்சில் 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு விழுகிறது. ஆனால் நிஜ மானைப் பார்த்தால் நெஞ்சு படபடத்து ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கம்பி ஆடும் என்கிறார்களே, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடலாமா? அரைகுறையாகக் காயம்பட்டு மான் ஓடிவிடக் கூடாது, அதுதான் கவலை.

மலைநாட்டான்:
தம்பி, படபடப்பை நிறுத்த முடியாது. அது அட்ரினலின். இங்கே 'பக் ஃபீவர்' என்பார்கள், பழகினவர்களுக்கும் வரும். நடுங்கும் உடம்போடேயே குண்டை ஒழுங்கான இடத்துக்கு அனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துப் பிடிக்காதீர்கள். இரண்டு முறை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள். மூன்றாவது மூச்சு தானாக வெளியேறி முடிந்ததும், அடுத்ததற்கு முன் ஒரு சின்ன ஓய்வு வரும். அந்த மூன்று நான்கு விநாடியில்தான் ட்ரிகர். எட்டு, பத்து விநாடி என்று இழுத்தால் பார்வை மங்கும், நடுக்கம் கூடும். அதற்குள் முடியவில்லையா, விரலை வெளியே எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். தீவனத்தில் தலை வைத்த மான் அவ்வளவு சீக்கிரம் போகாது.

கம்பி சரியான இடத்தைக் கடக்கும்போது ட்ரிகரைச் சடக்கென்று இழுப்பதுதான் பெரிய தப்பு. கம்பி ஆடட்டும். ஆட்டம் எட்டு அங்குல வட்டத்தைத் தாண்டாவிட்டால் போதும், இதயமும் நுரையீரலும் ஏறக்குறைய அந்த அளவு. அழுத்தத்தை நேராகப் பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள்.

சுடுவது என்று முடிவான பிறகு கொம்பைப் பார்க்கவே வேண்டாம். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரே ஒரு மயிர்க்கொத்தைப் பிடித்து அதையே பாருங்கள்.

தோட்டாப்பெட்டி:
பாதி நடுக்கம் ஸ்கோப் காட்டும் நடுக்கம். 9 மடங்கில் வைத்தால் ஒவ்வொரு துடிப்பும் பெரிதாகத் தெரியும், மானைத் தேடிப் பிடிக்கவும் நேரமாகும். 4-ல் வையுங்கள், 100 கெஜத்துக்கு அது தாராளம்.

பிளைண்ட் (ஒளிந்து உட்காரும் குடில்) ஜன்னல் விளிம்பில் பீப்பாயை வைக்காதீர்கள், வெடிக்கும்போது துள்ளிக் குண்டு வேறிடம் போகும். மணல் பையோ மடித்த ஜாக்கெட்டோ போட்டு, பீப்பாய்க்கு அடியிலுள்ள முன்கட்டையை அதன்மேல் வையுங்கள். பின்கட்டைக்கும் முழங்கைக்கும் கீழே ஏதாவது முட்டுக் கொடுங்கள். பிறகு கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். கம்பி விலகியிருந்தால் கையால் தள்ளிக் கொண்டுவராமல் நாற்காலியை நகர்த்துங்கள். தசையால் இழுத்துப் பிடித்த குறி, வெடிக்கும் நேரத்தில் பழைய இடத்துக்கே நழுவும்.

வீட்டில் தினமும் 20 தடவை வெற்றாகச் சுட்டுப் பழகுங்கள். தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். சேம்பரையும் (தோட்டா வெடிக்கும் அறை) மேகசினையும் (தோட்டாக் கூடு) கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, பாதுகாப்பான திசையில் மட்டும் குறி வையுங்கள். பீப்பாய் மேல் ஒரு காசு வையுங்கள், கிளிக் ஆன பிறகும் அது விழக் கூடாது. (தோட்டாவின் விளிம்பில் ஊசி அடிக்கும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கியில் இது வேண்டாம், ஊசி சேம்பர் விளிம்பில் மோதும்.) ரேஞ்சில் நண்பரை விட்டு மேகசினில் ஒரு டம்மித் தோட்டா கலக்கச் சொல்லுங்கள். அது வரும்போது பீப்பாய் முனை கீழே குத்தினால், உதைக்குப் பயந்து முன்கூட்டியே தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, ரேஞ்சிலேயே ரைஃபிளைக் காலியாக வைத்துவிட்டு 20 தோப்புக்கரணம் போடுங்கள். மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து, தோட்டா ஏற்றி, 30 விநாடிக்குள் எட்டு அங்குலக் காகிதத் தட்டில் ஒரே ஒரு குண்டு. இப்படி ஐந்து முறை செய்து, ஐந்தும் தட்டில் விழும் தூரம்தான் உங்கள் எல்லை.

டல்லாஸ்_புதியவன்:
ரொம்ப நன்றி அண்ணா. நிற்காமல் நடந்துகொண்டே இருந்தால்?

கருவேலங்காடு:
ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இது டெக்சாஸ் சீசனுக்கு மட்டும்.

நடக்கும் மானை நோக்கி ஆட்டுக்குட்டி மாதிரி வாயால் 'மேஹ்' என்று ஒரு குரல் கொடுங்கள், பெரும்பாலும் நின்று பார்க்கும். சேஃப்டியை (ட்ரிகர் பூட்டை) அதற்கு முன்பே, இரண்டு விரலால் பிடித்துச் சத்தமில்லாமல் தள்ளிவிடுங்கள். நேருக்கு நேர் நின்றாலோ, பின்னால் இன்னொரு மான் இருந்தாலோ, மேட்டு விளிம்பில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நின்றாலோ சுடக் கூடாது.

வெடித்ததும் தலையைத் தூக்காதீர்கள். ஸ்கோப்பில் கண் இருக்க, போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டா ஏற்றுங்கள். மான் கூனிக்கொண்டு மெல்ல நகர்ந்தால் வயிற்றில் பட்டிருக்கலாம். அது நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த புதரையும் மனதில் குறித்துக்கொண்டு, 30 நிமிடம் இறங்காமல் உட்காருங்கள். ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். பச்சையாகக் கலந்து நாற்றம் அடித்தால் வயிறு. உடனே பின்தொடராமல் பல மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் எழுந்து வெகுதூரம் ஓடிவிடும். முதல் துளி கிடைத்த இடத்தில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிட்டு, ரத்தத்தை மிதிக்காமல் தடத்தின் ஓரமாகவே நடங்கள்.