ரெண்டு கைலயும் பிபி வேற வேற காட்டுது, எதை எடுத்துக்கறது?

கேள்வி:
அம்மாவுக்கு 62 வயசு, பிபி மாத்திரை போடறாங்க. வீட்டு மெஷின்ல எப்பவும் இடது கைலதான் பாப்போம், 130 கிட்ட வரும். இன்னிக்கு வலது கைல கட்டிப் பாத்தா 148/84, உடனே இடதுல பாத்தா 131/80, மெஷின் கெட்டுப்போச்சா இல்ல உடம்புல ஏதாவதா, டாக்டர்கிட்ட எந்தக் கை நம்பரைச் சொல்றது? அம்மா "எனக்கு ஒண்ணும் பண்ணல, விடு"ங்கறாங்க, எனக்குதான் மனசு கேக்கல.

பதில் 1:
பயப்படாதீங்க. மேல் நம்பர்ல 10க்குள்ள வித்தியாசம் நிறைய பேருக்கு இருக்கும். உங்களுக்கு 17 வருது, அதனால முதல்ல அளந்த விதத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் சாஞ்சு அமைதியா உக்காரணும், கை நெஞ்சு உயரத்துல மேஜை மேல இருக்கணும், தொங்கவிட்டா நம்பர் ஏறிடும், கைல சுத்தற பட்டை சின்னதா இருந்தாலும் ஏறும். அப்புறம், முதல்ல எடுக்கற ரீடிங் பெரும்பாலும் கொஞ்சம் கூடத்தான் வரும், நீங்க வலதுதான் முதல்ல எடுத்திருக்கீங்க. ஒரு நிமிஷம் விட்டு விட்டு, கையை மாத்தி மாத்தி எடுத்து எழுதி வைங்க.

பதில் 2:
நான் நர்ஸ். மாத்தி எடுத்தும் 15க்கு மேல நின்னா கட்டாயம் காட்டணும். கைக்குப் போற ரத்தக்குழாய் காலர் எலும்புக்கிட்ட சுருங்கியிருந்தா அந்தப் பக்கம் பிபி கம்மியா காட்டும். நிறைய பேர் கூடக் காட்டற கைலதான் கோளாறுன்னு நினைக்கறாங்க, சந்தேகப்பட வேண்டியது கம்மியா காட்டற கை. இந்த அடைப்பு இடது பக்கம்தான் அதிகம் வரும். இடது கையால வேலை செஞ்சா சீக்கிரம் சோர்ந்து போகுதா, தலை சுத்துதா, அந்தக் கை ஜில்லுனு இருக்கான்னு கேளுங்க. இனிமே கூட வர்ற கைலயே பாருங்க, ஏன்னா இத்தனை நாளா 130ன்னு நம்பின பிபி நிஜத்துல அதைவிட அதிகமா இருந்திருக்கலாம். அதுக்காக மாத்திரையை நீங்களா கூட்டிடாதீங்க. திடீர்னு நெஞ்சோ முதுகோ கிழிக்கற மாதிரி வலிச்சா மட்டும் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

பதில் 3:
மார்பக ஆபரேஷன்ல அக்குள் நெறிக்கட்டி எடுத்திருந்தாலோ, டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (கைல ரத்தக்குழாய்களை இணைச்சு வைக்கறது) போட்டிருந்தாலோ அந்தக் கைல பட்டை கட்டவே கூடாதுங்க, டாக்டரைக் கேட்டுட்டு மத்த கைல பாருங்க.

கேள்வி கேட்டவர்:
ஆபரேஷன் எதுவும் இல்லங்க. சொன்ன மாதிரியே இடதுல ஆரம்பிச்சு மாத்தி மாத்தி எடுத்தோம், அப்பவும் வலது 145 கிட்ட, இடது 128 கிட்டதான். துணி காயப் போடறப்ப இடது கை கனத்துப் போகுதுன்னு இப்பதான் சொல்றாங்க, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டாங்களாம். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.

பதில் 2:
எழுதின நம்பரோட மெஷினையும் எடுத்துட்டுப் போங்க. கை கனக்கறதை அம்மா வாயாலயே சொல்ல வைங்க, ரெண்டு மணிக்கட்டுலயும் நாடி பாக்கச் சொல்லிக் கேளுங்க, தேவைன்னா ரத்தக்குழாய் டாப்ளர் ஸ்கேன் எழுதுவாங்க.