ஒரு கையில் பங்கு, மறு கையில் மருந்துக் கோப்பு: விற்றுவிட்டு வாருங்கள் என்பது தவறா?

பழங்கோப்பு:
மருந்துக்கு ஒப்புதல் கொடுக்கிறவர், விலையை முடிவு செய்கிறவர், அரசுப் பணத்தில் கொள்முதல் செய்கிறவர், இவர்களில் யாரும் மருந்து நிறுவனப் பங்கு ஒன்றைக்கூட வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் பெயரிலும் கூடாது. "சொத்துப் பட்டியலில் காட்டிவிட்டேனே" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. காட்டிவிட்டதால் பங்கு கையை விட்டுப் போய்விடுகிறதா?

2017 ஜூன் 22 மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்கு விருந்து. உறுப்பினர் கிறிஸ் காலின்ஸும் அங்கே இருக்கிறார். இன்னேட் இம்யூனோதெரபியூடிக்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருந்து நிறுவனத்தில் அவர் பெரும் பங்குதாரர், இயக்குநர் குழுவிலும் இருந்தார். அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காகச் சோதித்த மருந்து தோற்றுவிட்டது. விருந்து நடக்கும்போதே மகனுக்கு மறுபடி மறுபடி தொலைபேசியில் அழைத்துச் சேதியைச் சொல்லிவிட்டார். மகன் அடுத்த நாள் முதலே விற்கத் தொடங்கினார். உலகத்துக்குச் சேதி தெரிந்ததும் பங்கு 92 விழுக்காடு விழுந்தது. 2019இல் காலின்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2020 ஜனவரியில் 26 மாதச் சிறைத்தண்டனை. அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபரின் மன்னிப்பும் வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது தண்டனையோ மன்னிப்போ அல்ல. மருந்துச் சட்டங்களைக் கையாளும் குழுவில் அமர்ந்துகொண்டே ஒரு மருந்து நிறுவனத்தின் இயக்குநராக இருப்பதை அன்றைய அவை விதி தடுக்கவில்லை. இந்த வழக்குக்குப் பிறகுதான், 2020 ஜனவரி முதல், அப்படிப்பட்ட இயக்குநர் பதவிகளுக்குத் தடை வந்தது.

ஆய்வகவாசி:
நண்பரே, நீங்கள் சொன்னது உட்செய்தியை வைத்துச் செய்த வணிகம். அது குற்றம். சட்டம் பிடித்தது. 1993இல் இத்தாலியில் மருந்துத் துறையின் தலைமை அதிகாரி துயிலியோ போஜோலினி பிடிபட்டபோது அவர் வீட்டு இருக்கைத் திண்டுக்குள் பணக்கட்டுகள் கிடந்தன. அது லஞ்சம், அதற்கும் சட்டம் இருக்கிறது. இந்த இரண்டையும் காட்டிவிட்டு, ஓய்வுக்காலச் சேமிப்பாகப் பத்துப் பங்கு வைத்திருக்கும் விஞ்ஞானியையும் அதே வரிசையில் நிறுத்துகிறீர்கள். அது நியாயமில்லை.

எனக்குத் தெரிந்த உலகம் ஆய்வகம். தடுப்பூசித் தயாரிப்பில் ஒரு கலன் கெட்டால் எத்தனை வாரம் வீணாகும், எந்த முடிவை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதெல்லாம் கையால் செய்தவருக்குத்தான் தெரியும். கையால் செய்தவர் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தில் இருந்தவர்தான். 2020 மே மாதம் அமெரிக்க அரசு கொரோனா தடுப்பூசித் திட்டத்துக்கு மான்செஃப் ஸ்லாவியை அழைத்தது. கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தில் ஏறத்தாழ 30 ஆண்டுகள், பிறகு தடுப்பூசி தயாரித்த மாடர்னாவின் இயக்குநர் குழு. அதே ஆண்டு டிசம்பரில் தடுப்பூசிகள் கைக்கு வந்துவிட்டன. "தொழில்துறையைத் தொட்டவர் வேண்டாம்" என்று அன்று கதவைச் சாத்தியிருந்தால் அந்த இருக்கையில் யாரை உட்காரவைத்திருப்பீர்கள்?

பழங்கோப்பு:
தொட்டவர் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? விற்றுவிட்டு வரட்டும் என்றுதான் சொன்னேன். நீங்கள் காட்டிய ஆளே எனக்குச் சாட்சி. ஸ்லாவியிடம் 1 கோடி டாலருக்கும் மேல் பெறுமானமுள்ள மாடர்னா பங்கு உரிமைகள் இருந்தன. கேள்வி எழுந்ததும் விற்றார். வேலை நின்றுவிடவில்லையே!

ஆனால் கிளாக்ஸோ பங்குகளை அவர் விற்கவில்லை. அரசு ஊழியராக அல்லாமல் ஒப்பந்தக்காரராக அமர்த்தியதால் ஊழியர்களுக்குரிய கட்டுப்பாடு அவரை முழுதாகத் தொடவில்லை. அந்த ஜூலையில் சனோஃபி, கிளாக்ஸோ கூட்டுத் தடுப்பூசிக்கு 210 கோடி டாலர் வரை தருவதாக அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டது. அவர் மனம் சாய்ந்தது என்று நான் சொல்லவில்லை. சாயவில்லை என்று மக்களுக்கு அவரால் காட்டவே முடியாது என்கிறேன். தடுப்பூசி மேல் சந்தேகம் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டது யார்?

நேர்கணக்கு:
விற்கச் சொன்னால் வரி கொடுத்தே அழிந்துவிடுவார்கள் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள் என்பதால் குறுக்கே வருகிறேன். அமெரிக்காவில் நன்னடத்தை விதிக்காகப் பங்கை விற்கும் அதிகாரிக்குச் சான்றிதழ் ஒன்று தருகிறார்கள். அதை வைத்து, விற்ற பணத்தை அரசுப் பத்திரத்திலோ பரவலான பரஸ்பர நிதியிலோ போட்டால் லாபத்துக்கான வரியை உடனே கட்ட வேண்டியதில்லை, தள்ளிப் போடலாம். நிறைய துறைகளில் பரவிய நிதிகளுக்குத் தடையும் இல்லை. ஆகவே சேமிப்பு போய்விடும் என்ற வாதம் நிற்காது.

விதி யாரைத் தொடுகிறது என்பதைப் பாருங்கள். அமெரிக்க அரசின் நிர்வாகப் பிரிவு ஊழியர் தனக்குப் பணத் தொடர்புள்ள விஷயத்தில் தலையிட்டால் அது கிரிமினல் குற்றம். சந்தையில் விற்கும் பங்கு 15,000 டாலருக்குள் இருந்தால் மட்டும் விலக்கு. மருந்து ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.டி.ஏ.வில் இன்னும் கடுமை: சொத்து விவரம் தர வேண்டிய ஊழியர்கள், ஆணையத்தின் கட்டுப்பாட்டில் பெரிதும் இயங்கும் நிறுவனங்களின் பங்கை வைத்திருக்கவே கூடாது. இதெல்லாம் கீழே இருப்பவருக்கு. அதிபர், துணை அதிபர், காங்கிரஸ் உறுப்பினர்கள் அந்தக் கிரிமினல் பிரிவுக்குள் வருவதே இல்லை. உறுப்பினர்களுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: வாங்கியதையும் விற்றதையும் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் வழக்கமான அபராதம் 200 டாலர்.

கோப்பைப் புரட்டும் ஊழியருக்குப் பூட்டு, சட்டம் எழுதுகிறவருக்குத் திறந்த வாசல். நான் கணக்கு பார்த்தே காலம் கழித்தவன். இந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை.

ஆய்வகவாசி:
மேலே இருப்பவருக்கும் ஒரே விதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விற்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல் பேசுகிறீர்கள். விலகி நிற்பது என்று ஒன்று இருக்கிறது. டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராவதற்கு முன்பு கிலியட் மருந்து நிறுவனத்தின் தலைவர். ஃப்ளூ காய்ச்சல் மருந்தான டாமிஃப்ளூவின் விற்பனையில் கிலியட்டுக்கு உரிமத்தொகை உண்டு. 2005இல் பறவைக் காய்ச்சல் அச்சத்தில் அரசு அந்த மருந்தைச் சேமித்தபோது, அது தொடர்பான முடிவுகளிலிருந்து அவர் ஒதுங்கிக்கொண்டார். பிரிட்டனின் தலைமை அறிவியல் ஆலோசகர் பேட்ரிக் வாலன்ஸிடம் 6 லட்சம் பவுண்டு மதிப்புள்ள கிளாக்ஸோ பங்குகள் இருந்தது 2020 செப்டம்பரில் செய்தியானது. வணிக முடிவுகளில் அவருக்குப் பங்கில்லை என்று அரசு விளக்கியது. இருவர் மீதும் எந்தத் தவறும் நிரூபணமாகவில்லை. சட்டப்படி நடந்தவரையும் சந்தேகித்துக்கொண்டே இருந்தால் நல்லவர் யார்தான் அரசுப் பணிக்கு வருவார்?

வெண்தாள்:
விலகி நிற்பதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த நாடு, எந்தக் குழு என்பது வேண்டாம். மருந்துகளை மதிப்பிடும் ஒரு நிபுணர் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு ஒரு பக்கப் படிவம் வரும். "இன்றைய பொருளோடு உங்களுக்குப் பணத் தொடர்பு உண்டா?" உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். எல்லோரும் இல்லை என்பதில் குறியிட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலேயே அடுத்தவரிடம் தள்ளுவோம். ஒரு நாள் மூத்த உறுப்பினர் ஒருவர், நேர்மையானவர், உண்டு என்று குறியிட்டார். அந்த நிறுவனத்திடம் ஆலோசனைக் கட்டணம் வாங்கியிருந்தார். தலைவர் நன்றி சொல்லி அவரை வெளியே அனுப்பினார். விதி சொன்னது அவ்வளவுதான், அவரும் சரியாகவே நடந்துகொண்டார்.

கதவு மூடியதும் அறையில் நடந்ததுதான் என்னை இன்றுவரை விடவில்லை. அவருடைய நாற்காலி இழுத்துவிட்டபடியே இருந்தது. மேசைமேல் அவர் மூக்குக்கண்ணாடி, அதன் அடியில் மருந்தின் சுருக்க அறிக்கை. ஓரங்களில் பென்சில் குறிப்புகள். கதவில் இருந்த கண்ணாடிச் சதுரம் வழியாக அவர் முதுகு தெரிந்தது. எங்களில் மூன்று பேர் அவரிடம் படித்தவர்கள். கல்லீரல் பாதிப்பைக் காட்டக்கூடிய நொதியின் அளவு நாலு நோயாளிகளுக்கு உயர்ந்திருந்ததைக் கேட்க வேண்டும் என்று முந்தைய இரவே எழுதி வைத்திருந்தேன். கேட்டேன். ஆனால் மென்மையாகக் கேட்டேன். "தொடர் கண்காணிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை உடனே ஏற்றுக்கொண்டேன். இருபது நிமிடத்தில் முடித்து அவரை உள்ளே அழைத்துவிட்டோம். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆள் வெளியே போனால் அவர் செல்வாக்கும் கூடவே வெளியே போய்விடும் என்று விதி எழுதியவர்கள் நினைக்கிறார்கள். போகாது. ஆய்வகவாசி, ரம்ஸ்ஃபெல்ட் ஒதுங்கினார் என்கிறீர்களே, அமைச்சகத்தில் அவர் கீழ் வேலை பார்த்த எத்தனை பேருக்கு அவர் பழைய நிறுவனம் எது என்று தெரியாமல் இருந்திருக்கும்?

கசப்புமாத்திரை:
வெண்தாள் எழுதியதைப் படித்து வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. அந்த நாலு நோயாளிகளின் இடத்தில் நின்று பார்க்கிறேன்.

பிரான்ஸில் மீடியேட்டர் என்ற மாத்திரை 1976 முதல் 2009 வரை விற்பனையில் இருந்தது. பெயருக்கு நீரிழிவு நோயாளிகளுக்கு. நடைமுறையில் உடல் இளைக்கவும் எழுதிக்கொடுத்தார்கள். இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று பிரெஸ்ட் நகர நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ரஷோன் ஆவணங்களைத் தேடித் தேடி எடுத்து உரக்கச் சொன்ன பிறகுதான் விஷயம் வெடித்தது. 2021 மார்ச்சில் நீதிமன்றம் அதைத் தயாரித்த செர்வியே நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. மருந்து ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் 3,03,000 யூரோ அபராதம் விதித்தது. காவலுக்கு வைத்த அமைப்பே குற்றவாளிக் கூண்டில் நின்றது! அந்த ஊழலுக்குப் பிறகு 2011 இறுதியில் சட்டம் வந்தது. இன்று அங்கே ஒரு நிபுணருக்கு நிறுவனம் 10 யூரோ பெறுமான சலுகை தந்தாலும் பொதுத் தளத்தில் பதிவாக வேண்டும்.

நீங்கள் எல்லோரும் பங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் காசு. நாளைக்குக் கிடைக்கப்போகும் வேலை எந்தப் படிவத்தில் வருகிறது? அமெரிக்காவில் ஆக்ஸிகான்டின் வலிநிவாரணி 1995 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. மெதுவாக உறிஞ்சப்படுவதால் தவறான பயன்பாடு குறையும் என்று நம்பப்படுவதாக அதனுடன் வரும் குறிப்புத்தாளில் ஒரு வாக்கியம் ஏறியது. ஒப்புதல் ஆய்வைப் பார்த்த அதிகாரி கர்டிஸ் ரைட் எஃப்.டி.ஏ.வை விட்டு வெளியேறி, சிறிது காலம் வேறிடத்தில் இருந்துவிட்டு, அந்த மருந்தைத் தயாரித்த பர்ட்யூ நிறுவனத்தில் சேர்ந்தார். அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதற்காக 2007இல் பர்ட்யூ குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமும் மூன்று உயரதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை விற்பனைப் பிரதிநிதிகள் எத்தனை மருத்துவர்களிடம் காட்டியிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆய்வகவாசி:
கசப்புமாத்திரை, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வேலை அந்த வாக்கியத்துக்கான கூலி என்று எவரும் நிரூபிக்கவில்லை. முன்பின்னாக நடந்ததைக் காரணகாரியமாக்குவது என் துறையில் முதல் பாவம்.

2018இல் சயின்ஸ் இதழ் ஒரு புலனாய்வு வெளியிட்டது. எஃப்.டி.ஏ. ஆலோசனைக் குழுக்களில் இருந்த 107 மருத்துவர்களைப் பார்த்ததில் 40 பேர் 10,000 டாலருக்கு மேல், தாங்கள் வாக்களித்த மருந்தின் நிறுவனத்திடமிருந்தோ அதன் போட்டியாளரிடமிருந்தோ பின்னாளில் பெற்றிருந்தார்கள். உங்கள் பக்கத்து ஆதாரத்தை நானே எடுத்து வைக்கிறேன். ஆனால் அதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. சிறந்தவர்களைக் குழுவும் தேடுகிறது, நிறுவனமும் தேடுகிறது. பூ இருக்கும் இடத்துக்கு இரண்டு வண்டுகளும் வரத்தான் செய்யும்.

பழங்கோப்பு:
எந்த விளக்கம் சரி என்று பிரித்தறிய முடியவில்லை என்பதுதான் ஐயா சிக்கலே. பிரித்தறிய முடியாத இடத்தில் நிபுணரின் வசதிக்கு முன்னுரிமையா, மருந்தை விழுங்குகிறவருக்கா? பதவி விலகிய பின் இரண்டு ஆண்டுகள், தான் பார்த்த கோப்பின் நிறுவனத்தில் வேலையும் கூடாது, கட்டணமும் கூடாது.

ஆய்வகவாசி:
அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு என்றால் ஏற்கிறேன். அந்தக் காலத்துக்கு அவர்கள் பிழைக்க வழி செய்யும் ஊதியத்தை அரசு தர வேண்டும். என் மனம் இடறுவது அரிய நோய்களில். உலகம் முழுக்கத் தேடினாலும் பத்திருபது பேர்தான் அந்த நோயை அறிந்திருப்பார்கள். அவர்கள்தான் பரிசோதனையையும் நடத்தியிருப்பார்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, அந்த நோயாளி ஒருவரைக்கூடப் பார்க்காதவர்கள் வாக்களித்தால் குழந்தைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்து தேங்கிவிடும். அதுவும் உயிர்தானே?

வெண்தாள்:
அவர்களை வெளியே நிறுத்த வேண்டாம். மேசைக்கு எதிரே சாட்சியாக உட்காரவையுங்கள். தெரிந்ததையெல்லாம் சொல்லட்டும், கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லட்டும், யாரிடம் என்ன வாங்கினார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லட்டும். வாக்கு மட்டும் வேண்டாம், விவாதிக்கும்போது அறையில் இருக்கவும் வேண்டாம். என் குழுவில் அந்த மூத்தவர் சாட்சியாக வந்திருந்தால் கல்லீரல் நொதியைப் பற்றி அவரிடமே நேராகக் கேட்டிருப்பேன்.

ஆய்வகவாசி:
கேள்வி, பதில் அத்தனையும் எழுத்தில் பதிவாகி, முடிவு வந்த அன்றே வெளியாக வேண்டும். அப்படியானால் நான் உங்கள் பக்கம். பெயர் இல்லாத குறிப்புச் சுருக்கமாக இருக்கக் கூடாது. யார் கேட்டார், யார் சொன்னார் என்று வரிக்கு வரி இருக்க வேண்டும்.

வெண்தாள்:
அப்படி ஒரு பதிவு அன்று இருந்திருந்தால் நான் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு வாயை மூடியிருக்க மாட்டேன்.